எலிக்கு வீடு கட்டிய கதை

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் கூண்டைக் காட்டினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எலிக்குப் பொறி வைச்ச சனமல்லோ நாங்கள். நீங்கள் இத்தாலிக்குப் போய் எலிக்கு மேல்மாடி கட்டிக் குடுத்திருக்கிறியளோ?"

இது எலி இல்லை, டெகு என்று மகள் விளங்கப்படுத்தினாள். அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் "உங்கட எலியள் சுகமோ?" என்றுதான் கேட்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் மறக்காமல் கேட்கிறார்.

பலெர்மோவுக்கு 1980களில் வந்த எம்மவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இப்போது இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். பிந்தி வந்த எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளும் அவர்களோடு ஒரே வாங்கில் இருக்கிறார்கள். வகுப்பில் ஒருத்தியிடம் நாய், இன்னொருவனிடம் முயல் என்று கேள்விப்பட்டு வந்து எங்களையும் கேட்கிறார்கள். எங்களுக்கோ வாடகை வீடு, நேரங்காலம் இல்லாத வேலை. நாய் வேண்டாம், பூனை வேண்டாம், சின்னதாக ஒன்றை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவைத்தால் பிள்ளையின் ஆசையும் தீரும் என்று கணக்குப் போடுகிறோம். நாங்களும் அப்படித்தான் போட்டோம். சின்ன விலங்கு என்றால் சின்ன வேலை என்ற அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதை எழுதினால், இனிமேல் கொண்டுவர இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைக்கிறோம்.

பிள்ளையின் தாயார் துப்புரவு வேலைக்குப் போகும் வீடு ஒன்று வியா லிபெர்த்தாப் பக்கம் இருக்கிறது. அந்த வீட்டு சின்யோராவின் பேரனிடம் இரண்டு டெகுக்கள் இருந்தன. ஒரே ஈற்றில் பிறந்த ஆண் குட்டிகள். பேரன் மிலானுக்குப் படிக்கப் போக ஆயத்தமானபோது அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சனிக்கிழமைகளில் தாயோடு போய் அந்தக் கூண்டுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருக்கும் எங்கள் ஒன்பது வயது மகளைப் பார்த்துவிட்டு, நீங்கள் எடுக்கிறீர்களா என்று சின்யோரா கேட்டார். இது 2023 பெப்ரவரியில். ஒரு மாதத் தவணை தாருங்கள் என்று சொன்னோம். அந்த ஒரு மாதம் கேட்டது மட்டும்தான் தொடக்கத்தில் நாங்கள் செய்த சரியான காரியம்.

முதலில், இது என்ன விலங்கு என்று தெரிய வேண்டும். அணிலுக்கும் எலிக்கும் நடுவில் ஒரு தோற்றம். மண்ணிறம். வாலின் நுனியில் தூரிகை மாதிரி ஒரு கறுப்புக் குஞ்சம். வளர்ந்தது 200 கிராம் அளவில், சில வேளை 300 கிராம் வரையும் வரும். இனத்தில் எலிக்குக் கிட்டவில்லை. கினிப்பன்றியும் சின்சில்லாவும்தான் இதன் உறவுக்காரர். சொந்த இடம் தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் நடுப்பகுதி. வறண்ட பற்றைக்காடு, மழை குறைந்த மலையடிவாரம். அங்கே கூட்டமாக நிலத்தைத் தோண்டி வளை அமைத்து வாழ்கிறது. காய்ந்த புல், இலை, பட்டை, விதை, இவைதான் சாப்பாடு.

இதை உலகத்துக்கு முதலில் எழுதி அறிவித்தவரின் கதை எங்களுக்கு மிகவும் பிடித்துப் போனது. அவர் பெயர் ஜுவான் இக்னாசியோ மொலினா. சிலியில் 1740 இல் பிறந்த இயேசுசபைத் துறவி. 1767 இல் ஸ்பெயின் அரசன் இயேசுசபையினரைத் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறக் கட்டளையிட்டான். துரத்தப்பட்ட மொலினா இத்தாலிக்கு வந்து பொலோஞாவில் குடியேறினார். திரும்பிப் போக முடியாத தன் நாட்டின் மரஞ்செடிகளையும் விலங்குகளையும் பற்றி இத்தாலிய மொழியில் ஒரு புத்தகம் எழுதி 1782 இல் வெளியிட்டார். டெகு அந்தப் புத்தகத்தில்தான் வருகிறது. அதை அவர் அணில் இனத்தில் சேர்த்திருந்தார். பிற்காலத்தவர்கள் அதைத் திருத்தினார்கள். அது பெரிய குற்றமில்லை. டெகு என்ற பெயர் சிலியின் பூர்வீகக் குடிகளான மாப்புச்சே மக்களின் மொழியிலிருந்து வந்தது. மொலினா 1829 இல் இத்தாலியிலேயே காலமானார். எங்கள் மகள் இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி ஆசிரியையிடம் பாராட்டு வாங்கினாள்.

இனி வீட்டு விஷயம். கூண்டுக்கு முன்னம் வீட்டுக்காரரிடம் போனோம். இங்கே 2012 ஆம் ஆண்டின் 220 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது விதிகள் வீட்டு விலங்கு வைத்திருப்பதைத் தடைசெய்ய முடியாது. இதை எம்மவர் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டு, யாரும் ஒன்றும் செய்ய ஏலாது என்று நினைக்கிறார்கள். அது கட்டட விதிக்குத்தான். நீங்கள் கையெழுத்து வைத்த வாடகை ஒப்பந்தத்தில் விலங்கு கூடாது என்று ஒரு வரி இருந்தால் அது வேறு கதை. ஒப்பந்தத்தை எடுத்து ஒருதரம் வாசித்துப் பாருங்கள். எங்களுடையதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என்றாலும் கேட்டோம். கூண்டுக்குள் இருக்குமென்றால் பிரச்சினை இல்லை, கதவு நிலையைக் கடித்தால் காசு நீங்கள் என்றார். நியாயம்தான்.

இன்னொன்றையும் அந்த வாரமே இருந்து கதைத்தோம். டெகு வீட்டில் ஐந்து முதல் எட்டு வருடம் வரை வாழும். அதற்குள் எங்கள் பெர்மெசோ எத்தனை தரம் புதுப்பிக்கப்படும், நாங்கள் பலெர்மோவிலேயே இருப்போமா, வடக்கே போவோமா, வேறு நாட்டுக்குப் போவோமா? எம்மவர் பலர் இங்கிருந்து எழும்பிப் போனதைக் கண்டிருக்கிறோம். போகும்போது தளபாடத்தை ஆருக்காவது கொடுக்கலாம். விலங்கைக் கொடுப்பது அவ்வளவு லேசில்லை. போனாலும் கூட்டிக்கொண்டுதான் போவது என்று மகளுக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் சின்யோராவுக்கு ஓம் என்றோம்.

ஒன்றை மட்டும் எடுக்கலாமா என்றும் எங்களுக்கு ஒரு யோசனை இருந்தது. செலவு பாதியாகும் அல்லவா? பேரன் கடுமையாக மறுத்துவிட்டான். டெகு கூட்டத்தில் வாழப் பிறந்தது. தனியாக விட்டால் ஏங்கிப்போய்ச் சாப்பாட்டைக் குறைக்கும், தன் மயிரைத் தானே கடிக்கத் தொடங்கும் என்றான். குறைந்தது இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வைத்தால் ஏறத்தாழ 90 நாளில் ஐந்தாறு குட்டிகள். பிறகு அந்தக் குட்டிகளுக்கு வீடு தேடி நீங்கள் பலெர்மோ முழுக்க அலைய வேண்டிவரும்.

கூண்டு என்றதும் முதலில் அல்பெர்கெரியாவின் பழைய சாமான் சந்தைக்குத்தான் போனோம். கிளிக்கூண்டு, முயல்கூண்டு, கீழே பிளாஸ்ரிக் தட்டு வைத்த கூண்டு எல்லாம் கிடந்தன. மலிவு. நல்ல காலம், வாங்க முன்னம் பேரனுக்குப் படம் அனுப்பினோம். பிளாஸ்ரிக் தட்டை ஒரு கிழமைக்குள் தின்று முடித்துவிடும், தின்ற துண்டு குடலில் நிற்கும் என்று பதில் வந்தது. டெகுவின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பது. அதனால் கடிப்பது அதற்குக் குறும்பு இல்லை, தேவை. மரப்பெட்டியும் தாங்காது. கம்பியும் தகரமும் கண்ணாடியும்தான் தாங்கும்.

நாங்கள் வேலை செய்வது பிரங்காச்சோப் பக்கம் யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றாலும் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். வேலை முடிந்த பிறகு கழிவில் கிடக்கும் இரும்புச் சட்டங்களை எடுக்க முதலாளி விட்டார். வலைதான் பிரச்சினை. ஃபெர்ரமெந்தாக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது நாகம் பூசிய கம்பிவலை. கடித்துக்கொண்டே இருக்கும் விலங்குக்கு அது கூடாது. பூச்சு உடம்புக்குள் போய் நஞ்சாகும். நிறம் பூசியதும் அப்படித்தான், பூச்சை உரித்துத் தின்னும். துருப்பிடிக்காத எஃகு, அதாவது இங்கே இனொக்ஸ் என்று சொல்வது, விலை கூட. உணவகச் சமையலறைச் சாமான் செய்யும் ஒரு பட்டறையில் மிச்சத் துண்டுகளாக வாங்கி ஒட்டினோம். கண் அகலம் 12 மில்லிமீற்றர். சட்டத்துக்கு வெளிப்பக்கம் வலையை அடிக்காமல் உள்பக்கம் அடித்தோம். அப்படிச் செய்தால் நிறம் பூசிய சட்டத்தில் பல் படாது. வெட்டிய கம்பி நுனி எல்லாவற்றையும் அரத்தால் மழுக்கி, எண்ணெய் போக வினாகிரித் தண்ணீரால் இரண்டு தரம் கழுவினோம்.

இரண்டு டெகுவுக்குக் குறைந்தது ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் வேண்டும். எங்களுடையது 120 நீளம், 60 அகலம், 150 சென்ரிமீற்றர் உயரம். நாலு தட்டு. தட்டுக்குத் தட்டு 35 சென்ரிமீற்றருக்கு மேல் விடவில்லை. தவறி விழுந்தால் கால் முறியக்கூடாது. தட்டுக்களைக் கம்பிவலையில் விடக்கூடாது. வெறுங்கம்பியில் நடந்தால் உள்ளங்காலில் புண் வந்து, அது மாறாது. நாங்கள் மார்பிள் வெட்டும் இடத்தில் உடைந்த துண்டுகள் வாங்கி விரித்தோம். சிசிலியில் மார்பிளுக்கா பஞ்சம்? அது எவ்வளவு பெரிய உதவியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

அடித்தட்டுத்தான் முக்கியம். சுற்றிவர 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தகரம் அடித்து, அதற்குள் கானபா என்ற சணல் தூளும் காய்ந்த புல்லும் கிழித்த வெள்ளைப் பேப்பரும் நிரப்பினோம். டெகு தோண்ட வேண்டும். தோண்ட இடமில்லாத டெகு கூண்டு மூலையில் நின்று வலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். வாசம் வரும் பைன் மரத்தூள், சீடர் மரத்தூள் கூடாது, மூச்சுக்குக் கெடுதி. பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சும் போட்டிருந்தோம், மெத்தென்று இருக்கட்டும் என்று. அதையும் எடுக்கச் சொன்னார்கள். நூல் காலில் சுற்றும், விழுங்கினால் குடலில் அடைக்கும். நாங்கள் அன்பாகச் செய்த ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டியிருந்தது வேறு கதை.

ஓடுவதற்கு ஒரு சில்லு வேண்டும். கடையில் விற்கும் வெள்ளெலிச் சில்லு சின்னது, முதுகு வளையும். விட்டம் 30 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். படிக்கம்பி வைத்த சில்லில் காலும் வாலும் மாட்டும், ஆகவே ஓடும் பாதை மூடியிருக்க வேண்டும். சந்தையில் இரண்டு யூரோவுக்கு வாங்கிய ஆழமான வட்டத் தட்டு ஒன்றில் பெயரிங் பூட்டிச் செய்தோம். சத்தமே இல்லை. இதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, ஒளிப்பானேன்.

படுக்க, பூச்சுப் பூசாத பலகையில் ஒரு பெட்டி, இரண்டும் சேர்ந்து படுக்கும் அளவில். கடித்து முடிந்தால் புதிது செய்ய வேண்டும், அது செலவுக் கணக்கில் சேரும். கடிக்க அப்பிள் மரக் கொப்பு, ஹேசல் மரக் கொப்பு நல்லது. இங்கே தெருவோரமெல்லாம் பூத்து நிற்கும் அலரியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். அலரி என்ன செய்யும் என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீருக்குக் கண்ணாடிப் போத்தில், உலோக மூக்கு வைத்தது.

குளிப்பு மணலில். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. மண் தட்டு ஒன்றில் மணல் வைத்தால் புரண்டு புரண்டு தன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிக்கொள்ளும். சின்சில்லா மணல் என்று கேட்டால் கடையில் கிடைக்கும். விலையைப் பார்த்துவிட்டு, மொந்தெல்லோக் கடற்கரையில் இல்லாத மணலா என்று ஒரு அண்ணை கேட்டார். கடல் மணலில் உப்பு, அழுக்கு, சிப்பித் துண்டு எல்லாம் உண்டு. அதோடு கடற்கரை மணலை அள்ளி வருவது இந்த நாட்டில் சட்டப்படி பிழை. ஒரு தட்டு மணலுக்காகத் தண்டம் கட்டுவதா?

2023 மார்ச் கடைசியில் இரண்டும் வந்து சேர்ந்தன. மகள் பெரியான், சின்னான் என்று பெயர் வைத்தாள். வந்த அன்றே சின்னானின் இடது கண்ணில் பால் படிந்தது மாதிரி ஒரு வெள்ளையைக் கண்டோம். விலங்கு வைத்தியரிடம் கொண்டுபோனோம். இங்கே சாதாரண வெதெரினாரியோ நாய் பூனைதான் பார்ப்பார். அனிமாலி எசோதிச்சி பார்ப்பவர் என்று கேட்டுப் போக வேண்டும். விலங்கு வர முன்னமே அப்படி ஒருவரைத் தேடி வையுங்கள், வந்த பிறகு தேடுவது கரைச்சல்.

வைத்தியர் முதல் கேட்ட கேள்வி, இனிப்புக் கொடுத்தீர்களா என்பது. நாங்கள் கொடுக்கவில்லை. பேரனிடம் கேட்டபோது உண்மை வந்தது: ஒவ்வொரு பின்னேரமும் தன் பிஸ்கட்டில் ஒரு துண்டு, உலர்ந்த முந்திரிகை ஒன்று. இத்தனை விஷயம் தெரிந்த பிள்ளை, பாசத்தால்தான் கொடுத்திருக்கிறான். டெகுவின் உடம்பில் இன்சுலின் மற்ற விலங்குகளைப் போல இல்லை. காய்ந்த புல்லைத் தின்று பழகிய உடம்பு, சீனியைச் சமாளிக்கத் தெரியாது. நீரிழிவு லேசில் வரும். அந்தச் சீனி கண்வில்லையில் போய் மாற்றமடைந்து கண்ணை வெள்ளையாக்கும். டெகுவுக்குக் கண்புரை வருவது நாட்கணக்கிலும் நடக்கலாம் என்றார். திரும்பாது. ஆறு மாதத்தில் சின்னானின் மற்றக் கண்ணும் போய்விட்டது.

எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத குடும்பம் எது? ஆகவே சொன்னதும் விளங்கியது. ஆனால் விளங்குவது வேறு, வீட்டுக்கு வரும் சனத்தைத் தடுப்பது வேறு. வந்தவர் யாரும் வெறுங்கையோடு கூண்டுக்கு முன்னால் நிற்க மாட்டார்கள். மாமி ஒருவர் மரி பிஸ்கட்டோடு போனார். இன்னொருவர் வாழைப்பழத்தோடு. "பாவமப்பா, வைக்கல் தின்னுது, ஒரு துண்டு குடுத்தால் என்ன?" என்று எங்களைக் கல்நெஞ்சக்காரராகப் பார்த்தார்கள். கடைசியில் மகள் தமிழில் ஒரு மட்டை எழுதித் தொங்கவிட்டாள்: எங்களுக்குச் சலரோகம் வரும், இனிப்புத் தராதீர்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கொடுக்கவில்லை. சலரோகம் என்ற சொல்லுக்கு எம்மவரிடம் அவ்வளவு மரியாதை.

சாப்பாடு இதுதான்: காய்ந்த புல், இங்கே ஃபியெனோ, இரவு பகல் எந்நேரமும் கிடக்க வேண்டும். சின்னப் பொதியாகக் கடையில் வாங்கினால் விலை. தோட்டச் சாமான் விற்கும் அக்ராரியாக் கடையில் கேட்டுப் பாருங்கள். பூஞ்சணம் மணந்தால் வாங்க வேண்டாம். எர்பா மெதிகா என்ற புல்லில் சுண்ணாம்புச் சத்துக் கூட. அது வளரும் குட்டிக்கும் கர்ப்பிணிக்கும்தான். உருண்டைத் தீனி ஒன்றுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிராம் அளவு போதும். பொதியின் பின்பக்கத்தில் மெலாஸ்ஸோ என்று இருக்கிறதா பாருங்கள். அது கரும்புப் பாணி, இருந்தால் வேண்டாம். பச்சையாக, சிக்கோரியா போன்ற கசப்புக் கீரை ஒரு பிடி. பல்லாறோவில் வேலை முடிந்து வரும்போது வாங்கி நன்றாகக் கழுவிக் கொடுக்கிறோம். கரட், பழம், பாண் கிடையாது. பல் செம்மஞ்சள் நிறமாக இருந்தால் சுகம். வெளிறினால் வைத்தியரிடம் போக வேண்டும். மனிதருக்கு எதிர்மாறு.

பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் கட்டாயம் வேண்டும்: வாலில் பிடிக்கக் கூடாது. காட்டில் எதிரி வாலைப் பிடித்தால் வாலின் தோலைக் கழற்றி விட்டுவிட்டு ஓடுகிற விலங்கு இது. கழன்ற தோல் திரும்ப வளராது. கையை உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் தானாக ஏறி வரும். எங்கள் மகளுக்கு மூன்று கிழமை எடுத்தது.

இவ்வளவும் செய்து முடித்துவிட்டு, எல்லாம் சரி என்று இருந்தபோதுதான் 2023 யூலை வந்தது. அந்தக் கடைசி வாரத்தைப் பலெர்மோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷிரோக்கோக் காற்று, 40 பாகைக்கு மேல் வெயில், சுற்றிவர மலைகளில் தீ, விமான நிலையமும் சில மணி நேரம் மூடப்பட்டது. டெகுவுக்கு 25 பாகை வரை நல்லது. 30 தாண்டினால் ஆபத்து. தன் நாட்டில் என்றால் வெயிலேறியதும் வளைக்குள் இறங்கிவிடும். எங்கள் வீடு மூன்றாம் மாடி, மொட்டைமாடிக்கு நேர் கீழே. வளை எங்கே?

அதுவரை சமாளித்த விதம் இதுதான்: கூண்டை வெயில் படாத நடையில் வைத்தோம். மார்பிள் துண்டுகளை முறை வைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தோம். உறைந்த தண்ணீர்ப் போத்திலைத் துணியால் சுற்றி வலைக்கு வெளியே சாத்தினோம். ஈரச் சாரத்தைக் கூண்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டோம். இந்தச் சாரம் கட்டும் வேலை செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்தபோது பழகியது. ஆனால் 24 ஆம் தேதி பின்னேரம் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. குளிர்ப்பெட்டி உருகத் தொடங்கியது. புகை வந்ததால் யன்னலைத் திறக்கவும் முடியவில்லை. இரண்டும் மார்பிளில் வயிற்றை ஒட்டித் தட்டையாகக் கிடந்தன. சின்னானின் வாயோரம் ஈரம். புல்லைக் கையில் ஆட்டினால் எழும்பி வருகிறவன் தலையைத் தூக்கவில்லை.

தரைமாடியில் ஒரு வயோதிப சின்யோரா தனியாக இருக்கிறார். அவருடைய அறையின் சுவர் பழைய கல், ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கியது மாதிரி இருக்கும். கூண்டை அங்கே இறக்குவோம் என்று நாலு பேராகப் பிடித்தோம். நடை வாசலால் கூண்டு போகவில்லை. இரண்டு பாகமாகக் கொண்டுவந்து, வீட்டுக்குள் வைத்து ஒன்றாக ஒட்டியது நாங்கள்தான். மூன்று விரல் அகலம் கூட. தொழில் தெரிந்தவர்கள் என்று பெருமைப்பட்டோம் அல்லவா? அதற்கு மேல், தூக்கிக்கொண்டு போக ஒரு சின்னப் பெட்டிகூட வீட்டில் இல்லை. அவற்றைக் கொண்டுவந்த பெட்டியைப் பேரனிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம்.

மகள் கேட்டாள்: "அப்பா, விட்டிட்டுப் போறதோ?"

2009 தையில் விசுவமடுவில் இருந்து வெளிக்கிட்டபோது மாட்டையும் நாயையும் அவிழ்த்து விட்டுவிட்டு வந்தோம். அந்த நாளில் எங்களிடம் ஒரு பை எப்போதும் கட்டியபடி இருந்தது. பத்திரம், படம், ஒரு மாற்றுடுப்பு. பதினாலு வருடம் கழித்து, இவ்வளவு கணக்குப் பார்த்து வீடு செய்தவர்கள், வெளிக்கிட ஒரு பெட்டி செய்ய மறந்திருக்கிறோம். பிள்ளைக்கு அந்தக் கதை தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை.

பொங்கலுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் எடுக்கும் பெரிய சருவச்சட்டியை இறக்கி, அடியில் புல்லைப் போட்டு, இரண்டையும் இரு கைகளாலும் அள்ளி வைத்து, மிச்சமிருந்த வலைத்துண்டால் மூடிக்கொண்டு படியிறங்கினோம். சின்யோரா கதவைத் திறந்து சட்டிக்குள் பார்த்துவிட்டு, "தோப்பி!" என்று கத்தினார். எலிகளாம். அம்மாவும் இவரும் ஒரு கட்சி. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல், தன் பழைய அலுமாரியின் மார்பிள் மேற்பலகையில் இருந்த படங்களையும் பூச்சாடியையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

இரண்டு இரவு அங்கே இருந்தன. வைத்தியர் தொலைபேசியில் சொன்னபடி காதையும் உள்ளங்காலையும் மட்டும் ஈரத்துணியால் மெல்ல மெல்ல ஒற்றினோம். பச்சைத் தண்ணீரில் தோய்க்கக் கூடாது, அதிர்ச்சியில் செத்துவிடும் என்றார். விடியப்புறம் சின்னான் எழும்பிப் புல் தின்றான். மகள் அந்த நிலத்திலேயே நித்திரையாகிப் போயிருந்தாள்.

இப்போது சின்னானுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆனால் கூண்டுக்குள் பார்ப்பவர்கள் அதைக் கண்டுபிடிப்பதில்லை. தட்டு, பெட்டி, போத்தில் எதையும் இடம் மாற்றாமல் கழுவி அதே இடத்தில் வைக்கிறோம். மீசையால் தடவித் தடவிச் சில்லுக்குப் போய் ஓடுகிறான். காலை வேலைக்கு நாங்கள் ஐந்து மணிக்கு எழும்பும்போது அவனும் எழும்புகிறான்.

அந்த மாரியில் கூண்டை நடுவால் வெட்டி எட்டு போல்ட் போட்டோம். தகரத்தில் கைபிடி வைத்த சின்னப் பெட்டி ஒன்றும் செய்து, கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். கூண்டைக் கழற்றி இரண்டு தரம் வாசலால் கொண்டுபோய்ப் பார்த்தோம். போகிறது.